தடைக்காலத்து ஞாயிறு

பத்தரைக்கே தார் இளகிவிட்டது.
தாவரவியல் பூங்கா வாசலில்
வண்டி நிறுத்த நிழல் தேடி
மூன்று சுற்று சுற்றினான் தேவநாதன்.
பின்னால் உட்கார்ந்து
குடையை அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தேன்.
ஒரு குடை, இரண்டு தலை:
வழக்கம்போல் ஆளுக்குப் பாதி வெந்தோம்.

உள்ளே சிறுவர் ரயில் ஓடவில்லை.
தண்டவாளத்தில் ஒரு நாய்
அடுத்த வண்டிக்கு வந்த பயணிபோல் படுத்திருந்தது.
நாகலிங்க மரத்தடியில் நின்றோம்.
கிளை நுனி வரைக்கும் போகப் பொறுமையில்லாமல்
அடிமரத்திலேயே பூத்துவிடுகிற மரம்.
விழுந்த பூ ஒன்றை என் மூக்கருகே நீட்டினான்.
கொஞ்சம் கோயில்,
கொஞ்சம் கனிந்துபோன வாழைப்பழம்.

"ஒரு மரத்துக்கு எத்தனை பேரு, பாரு"
பலகையைப் படித்துக்கொண்டே போனான்,
லத்தீன், பிரெஞ்சு, தமிழ்.
"எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும்
அது இடத்தை விட்டு நகராது" என்றேன்.
சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான்.
கை, சட்டைப்பை வரை போய்த் திரும்பியது.

அந்தப் பையில் இருப்பது
வியாழக்கிழமையே எனக்குத் தெரியும்.
துவைக்க எடுத்தபோது
நாலாக மடித்த தாள்.
பொதுப்பணித்துறை, இளநிலை எழுத்தர்,
ஏனாம் அலுவலகம்,
ஜூன் ஒன்றாம் தேதிக்குள் சேரவும்.
ஒரே அரசாங்கம்தான்.
நடுவில் ஆந்திரா
காலை நீட்டிப் படுத்திருக்கிறது, அவ்வளவே.
படித்து, அதே மடிப்பில் மடித்து,
அதே பையில் வைத்து,
சட்டையைத் துவைக்காமலே கொடியில் மாட்டினேன்.
இன்றும் அதைத்தான் போட்டிருக்கிறான்.
காலர் அழுக்கைப் பற்றி
அவனும் கேட்கவில்லை.

மாலை வீராம்பட்டினம்.
மீன்பிடித் தடை முடிய இருபது நாள் இருக்க,
விசைப்படகுகள் சும்மா நிற்க,
கடலுக்குப் போகாத கைகளெல்லாம்
கரண்டி பிடித்திருந்தன.
தெருவே வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டு
கரையில் வைத்த விருந்து.
வாராவாரம் நான் ரத்த அழுத்தம் பார்க்கிற செங்கேணி
"நர்சம்மா வந்துட்டாங்க" என்று கூவ
இரண்டு சிறுமிகள் ஓடிவந்து
காகிதப்பூ மாலையை எங்கள் கழுத்தில் போட்டார்கள்.
கல்யாணத்தன்றுகூட அவனுக்கு
இத்தனை ரோஸ் நிறம் கிடைக்கவில்லை.

அந்தமானில் வேலை பார்த்துத் திரும்பிய
அவள் தம்பியின் யோசனையாம்:
மணலில் குழி வெட்டி, தேங்காய் மட்டை எரித்து,
வாழையிலையில் சுற்றிய மீனை
அதற்குள் புதைத்து வைத்திருந்தார்கள்.
நாட்டுப்படகில் வந்த மத்தி, காரல்,
எங்கேயோ சொல்லிவைத்து வாங்கிய ஒரு பெரிய கொடுவா.
"குறைச்சுப் போடுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்"
"இன்னைக்கு மட்டும்மா" என்று
செங்கேணி இன்னும் ஒரு கை உப்பை வாரிப்போட்டாள்.

பம்பை அடிக்கத் தொடங்கியதும்
யார் யாரோ ஆட, ஒரு பொடியன்
தேவநாதனின் விரலைப் பிடித்து இழுத்தான்.
பதினாறு வருஷத்தில்
இவன் ஆடி நான் பார்த்ததில்லை.
கண்ணாடியைக் கழற்றினான், என்னிடம் தந்தான்.
செல்போனைத் தந்தான்.
ஒரு நொடி நின்று
பையிலிருந்த தாளையும் எடுத்து
"நனைஞ்சிடும், பிடி" என்றான்.

ஆடினானா அது?
சுடுமணலில் செருப்பைத் தொலைத்தவன்
வீடு திரும்புகிற மாதிரி இருந்தது.
பையன்கள் விசிலடித்தார்கள்.
காகிதப்பூ மாலை அறுந்து
பாதி மணலில், பாதி தோளில்.

மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தான்.
தாள் என் மடியில், மடித்தபடி.
"பிரிக்கலையா?"
"வியாழக்கிழமையே பிரிச்சேன்."
வெகுநேரம் காலரைத் தடவிக்கொண்டிருந்தான்.
"அதான் துவைக்கலையா."

குழியிலிருந்து பொட்டலம் வந்தது.
கருகிய இலையைப் பிரித்து
முள் எடுத்து அவன் பக்கம் தள்ளினேன்.
சோற்றில் மணல் நறநறத்தது.
"தெலுங்குல மீனுக்கு என்ன?"
யோசித்தான். தாளைப் படித்ததிலிருந்து
படித்துக்கொண்டிருக்கிறான் போல.
"சேப்ப."
"தண்ணிக்கு?"
"நீள்ளு."
"உப்புக்கு?"
"உப்புதான்."

செங்கேணி கேட்காமலே
இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுப் போனாள்.